மௌசிம்: பருவமும் திருவிழாச் சந்தையும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, காப்பித் தோட்டங்களின் ஊடே மேலும் சிறிது தொலைவு சென்றால் நாகலூர் என்னும் சிற்றூர் வரும். சேர்வராயன் மலைத்தொடரின் மடியில் அமைந்த ஊர் அது. நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் படர்ந்திருக்கும். அவற்றின் கீழே காப்பிச் செடிகள் வரிசையாய் நிற்கும். புரட்டாசிக் கடைசியில் அவ்வூரில் நாம் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பச்சையாயிருந்த காப்பிக் காய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்கத் தொடங்கியிருந்தன.

நம்மை அங்கே அழைத்துச் சென்றவர் நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறைகளாகத் திருவிழாக்களில் கடை போடும் குடும்பம். வளையல், பாசிமணி, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு ஆடியில் புறப்பட்டால் கார்த்திகை முடியும்வரை ஊர் ஊராய்ச் செல்வார்கள். ஆண்டுச் செலவில் பெரும்பகுதி அந்த ஐந்து மாத வருவாயில்தான் நடக்கிறது. மாமனார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் நம்மிடம் மனம் திறந்தார்.

"ஹஜ்ரத், எங்கள் மஹல்லாவில் ஒருவர், பிற சமயத்தார் திருவிழாவில் கடை போட்டுச் சம்பாதிக்கும் காசு ஆகாது என்கிறார். போன வருஷம் ஓர் ஊரில், நீங்கள் இங்கே கடை போட வேண்டாம் என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவரும் போகாதே என்கிறார், அவர்களும் வராதே என்கிறார்கள். நான் என்ன செய்ய?"

இரண்டு வாயில்களும் ஒருசேர அடைபட்ட ஒருவரின் கேள்வி இது. ஒரே சொல்லில் விடை கூறிவிட நமக்கு மனம் வரவில்லை. திருவிழா எது, சந்தை எது, அவை ஏன் ஒரு பருவத்தில் கூடுகின்றன என்பனவற்றை முதலில் விளங்கிக்கொண்டால் விடை தானே தெளிவாகும் என்று கருதினோம். அன்று அவரிடம் கூறியவற்றையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

கூதிரும் கரீஃபும்

மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று கூறும் பருவம் நம் நிலத்துக்கு உரியதன்று. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். இலை உதிரும் காலமாக அன்றி, மழை பெய்து மண் குளிரும் காலமாகவே இந்நான்கு மாதங்களையும் அவர்கள் கண்டனர். தமிழகம் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது என்பதை நினைத்தால் இப்பகுப்பின் பொருத்தம் விளங்கும்.

அரபியர் இப்பருவத்தைக் 'கரீஃப்' என்பர். கனி பறித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பேரீச்சை பறிக்கப்படும் காலம் ஆதலின் அப்பெயர். முகலாயர் கால வருவாய்த்துறை வழியே இச்சொல் இந்திய வேளாண்மைக்குள் நுழைந்தது. இன்றும் 'காரிஃப் பருவம்' என்று அரசு அறிக்கைகளில் படிக்கிறோம். ஓமன் நாட்டின் ஸலாலாப் பகுதியிலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று சாரலும் மூடுபனியும் கொண்டுவரும் நாட்களையே கரீஃப் என்கின்றனர். வறண்ட மலைகள் பசுமையாகும் அந்நாட்களில் அங்கே பெருவிழாவும் நடைபெறுகிறது. நாகலூரின் மூடுபனியில் நின்றபோது அந்தக் கரீஃப் நம் நினைவுக்கு வந்தது.

அரபு நிலத்தில் கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழைக்கு 'வஸ்மீ' என்று பெயர். மண்ணில் பசுமையால் அடையாளம் இடுவதால் அப்பெயர் பெற்றது என்பர் மொழியறிஞர். ஒட்டகத்துக்கு இடும் சூட்டுக்குறி 'வஸ்ம்'. இதே வேரிலிருந்து வந்ததுதான் 'மௌசிம்'. ஆண்டில் அடையாளமிட்டு வைத்த காலம் என்பது அதன் பொருள். ஹஜ்ஜுக்காக மக்கள் கூடும் காலமும் மௌசிம். சந்தை கூடும் காலமும் மௌசிம். அறுவடைக் காலமும் மௌசிம். கப்பல் செலுத்துவோர் இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன நாளில் புறப்படலாம் என்று குறித்துவைத்ததும் மௌசிமே. கி.பி. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி இப்னு மாஜித் தம் கடல்நூலில் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறார். போர்ச்சுகீசியர் அதைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்க, அதிலிருந்து ஆங்கிலத்தின் 'மான்சூன்' பிறந்தது. மலாய் மொழியில் 'மூசிம்', உருதுவில் 'மௌசம்' என்றும் அது வழங்குகிறது. தமிழில் நாம் பருவமழை, பருவக்காற்று என்னும்போது 'பருவம்' என்னும் சொல் அதே பணியைச் செய்கிறது.

காற்று, கப்பல், சந்தை, கூட்டம் ஆகிய நான்கையும் ஒரு சொல்லே தாங்கி நிற்பது தற்செயல் அன்று. தென்மேற்குக் காற்றின் கடுமை தணிந்த பின்னரே அரபுக் கப்பல்கள் மேற்குக் கரைத் துறைகளை அணுக முடியும். வடகிழக்குக் காற்று எழுந்த பின்னரே அவை திரும்ப முடியும். சரக்கு வரும் நாளும் சரக்கு கொள்வோர் கூடும் நாளும் காற்றினால் வரையறுக்கப்பட்டன. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப அரபு வளைகுடாவின் கைஸ் தீவு வணிகர் ஒப்பந்தம் செய்திருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அக்குதிரைகளும் மௌசிமின் வழியே வந்தவைதாம்.

மூன்று நாட்காட்டிகள்

ஒரு திருவிழா ஒரு பருவத்திலேயே நிலைத்து நிற்பதும், பருவங்களின் ஊடே நகர்ந்து செல்வதும் அது பின்பற்றும் நாட்காட்டியைப் பொறுத்தது. நம் நாட்டில் இதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, சூரியனைப் பின்பற்றுவது. ஆடிப்பெருக்கு ஆடி 18இல் வரும். வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும். இவை பருவம் மாறுவதில்லை.

இரண்டாவது, சந்திரனைச் சூரியனோடு இணைப்பது. நவராத்திரி, தீபாவளி ஆகியவை பிறையைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. சந்திர ஆண்டு சுமார் 354 நாட்களே ஆதலின் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு ஏற்படும். ஏறத்தாழ முப்பத்திரண்டரை மாதங்களுக்கு ஒருமுறை 'அதிக மாதம்' ஒன்றைச் சேர்த்து அக்குறையை நிரப்புகின்றனர். ஆகவே தீபாவளி முன்பின் அசைந்தாலும் அக்டோபர், நவம்பரை விட்டு விலகுவதில்லை.

மூன்றாவது, சந்திரனை மட்டுமே பின்பற்றும் ஹிஜ்ரி நாட்காட்டி. இதில் நிரப்பு மாதம் கிடையாது. எனவே நம் பெருநாட்களும் வலிமார்களின் நினைவு நாட்களும் சுமார் முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. நாகூர்க் கந்தூரி ஜமாதுல் ஆகிர் பிறையில் கொடியேறிப் பதினான்கு நாள் நடைபெறுவது. 2009இல் அது மே மாதக் கடைசியில், கத்திரி வெயிலில் தொடங்கியது. 2025இல் நவம்பர் பிற்பகுதியில், கார்த்திகை மழையில் தொடங்கியது. இன்னும் பத்தாண்டுகளில் அது ஆடிக்கு நகர்ந்துவிடும். நாகூர் ஆண்டகை மறைந்த ஹிஜ்ரி 978ஆம் ஆண்டின் ஜமாதுல் ஆகிரும் கி.பி. 1570இன் நவம்பரில்தான் வந்தது என்பதை நோக்கினால், இவ்வாண்டுகளின் கந்தூரி தன் பழைய பருவத்துக்கே திரும்பியிருக்கிறது எனலாம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 'ரபீஉ' என்பது தளிர்க்கும் பருவத்தையும், 'ஜமாத்' என்பது உறைதலையும், 'ரமளான்' என்பது கடும் வெப்பத்தையும் குறிக்கும் வேர்களிலிருந்து வந்தவை என்பர். பெயரிட்ட காலத்தில் அம்மாதங்கள் அப்பருவங்களில் நின்றிருக்க வேண்டும். இஸ்லாத்துக்கு முந்திய அரபியர் 'நஸீஉ' என்னும் முறையால் மாதங்களைத் தள்ளிப்போட்டனர். அது புனித மாதத்தின் புனிதத்தை மட்டும் ஒத்திவைத்த வழக்கமே என்பர் சிலர். அதிக மாதத்தைப் போன்ற நிரப்பு மாதமே அது என்பதும், ஹஜ்ஜும் சந்தையும் சரக்குகள் ஆயத்தமாகும் பருவத்திலேயே நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டது என்பதும் அல்பீரூனி முதலியோரின் கருத்து. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் இதனை நீக்கியது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், கி.பி. 632இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின் பேருரையில் இந்நீக்கத்தை உறுதிப்படுத்தினார்கள்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். வணக்கத்தின் நாள் வணிகத்தின் பருவத்திலிருந்து விடுபட்டது. நோன்பு வெயிலிலும் வரும், மழையிலும் வரும். சந்தையோ விளைச்சலைப் பின்தொடர்ந்து தன் வழியே செல்லும். மொராக்கோ நாட்டின் சிற்றூர்களில் 'மௌசிம்' எனப்படும் விழாக்கள் பல இன்றும் உழவர்களின் சூரிய நாட்காட்டியையே பின்பற்றுகின்றன. அட்லஸ் மலையின் இமில்ஷில் ஊரில் மணமக்கள் கூடும் பேர்பெற்ற மௌசிம் செப்டம்பரில், அறுவடை முடிந்தபின் நடப்பது. ஒரே மக்கள் வணக்கத்துக்குப் பிறையையும், சந்தைக்குக் கதிரவனையும் நோக்குகின்றனர்.

உகாழின் கதை

அரபுச் சந்தைகளில் புகழ் மிக்கது தாயிஃபுக்கு அருகே கூடிய உகாழ். துல்கஃதா முதல் நாளிலிருந்து இருபது நாள் உகாழ் கூடும், எஞ்சிய நாட்களில் மஜன்னா, துல்ஹஜ் பிறந்ததும் எட்டு நாள் துல்மஜாஸ், அதன்பின் ஹஜ். தோலும் நெய்யும் நறுமணப் பொருளும் விற்ற அதே திடலில் கவிஞர்கள் கவிதை ஓதினர், குலங்கள் வழக்குத் தீர்த்துக்கொண்டன, கைதிகள் மீட்கப்பட்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இச்சந்தைகளுக்குச் சென்று மக்களை நேரில் கண்டு தம் அழைப்பை எடுத்துரைத்தார்கள்.

இஸ்லாம் வந்தபின் நபித்தோழர்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அறியாமைக் காலத்துச் சந்தைகளான இவற்றில், அதுவும் ஹஜ்ஜின் நாட்களில், வணிகம் செய்வது பாவமாகுமோ என்று அஞ்சி ஒதுங்கினர். இரண்டாம் அத்தியாயத்தின் 198ஆம் வசனம் அவ்வச்சத்தை நீக்கவே அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததைப் புகாரீ பதிவு செய்கிறது. நம் மாணவரின் கேள்வி புதிதன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அத்தோழர்கள் கேட்ட கேள்வியே அது.

பிற்காலச் சட்ட அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். ஷாம் நாட்டில் கிறிஸ்தவர்களின் திருநாட்களையொட்டிக் கூடிய சந்தைகளைப் பற்றி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்களிடம் வினவப்பட்டபோது, அவர்களுடைய வழிபாட்டுத் தலத்துக்குள் நுழையாமல் சந்தையில் வாங்குவதற்காக மட்டும் செல்வதில் குறையில்லை என்று விடை அளித்துள்ளார்கள். இக்கருத்தைப் பேணுதலில் மிகக் கண்டிப்பானவரான இப்னு தைமிய்யா அவர்களே எடுத்தெழுதியிருக்கிறார்கள். பிறர் சடங்குக்கென்றே உரிய பொருள்களை விற்பதை அறிஞர் பலர் வெறுத்துள்ளனர். வளையலும் பாசிமணியும் அவ்வகையில் சேரா.

இவ்வாறு பிரித்தறிவதற்கு அல்பீரூனி நல்ல முன்மாதிரி. கி.பி. 1030 அளவில் எழுதிய தம் இந்திய நூலில் இந்நாட்டுத் திருவிழாக்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை அவர் ஒதுக்கினார். தீபாவளியையும் அதில் குறித்துள்ளார். தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலும், பிறர் வழக்கத்தை எள்ளாமலும், கண்டதைக் கண்டவாறு எழுதினார். அரபியில் இன்று விழா என்பதற்கு வழங்கும் 'மஹ்ரஜான்' என்னும் சொல்லே பாரசீகர் அக்டோபர்த் தொடக்கத்தில் கொண்டாடிய மிஹ்ரகான் விழாவின் பெயர்தான்.

நம் நிலத்துக் கூட்டங்கள்

சேர்வராயன் மலையின் சொந்த விழா கூதிரில் வருவதன்று. மலையுச்சியில், ஐயாயிரத்து முந்நூறு அடி உயரத்தில் உள்ள குகைக் கோயிலில், சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத்தில் விழா எடுக்கின்றனர் மலையாளிப் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்பது அம்மக்களின் மரபு. அரசின் கோடை விழாவும் மே மாதத்தில்தான். கூதிரில் மலை உழைக்கும். காப்பி பழுக்கும் காலம் அது. ஏமன் நாட்டின் மோக்காத் துறையிலிருந்து உலகெங்கும் சென்ற 'கஹ்வா' இங்கு 1820களில், சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. பாபா புதன் என்னும் இறைநேசர் அரபகத்திலிருந்து ஏழு விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபுவழிச் செய்தி. கனி பறிக்கும் பருவம் என்னும் பொருளில் 'கரீஃப்' என்னும் சொல் நாகலூருக்கு மிகப் பொருந்தும்.

விழாவைக் காண விரும்புவோர் மலையிலிருந்து இறங்க வேண்டும். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் விழா. அதே மாதம் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டிக் குதிரைகளும் மாடுகளும் கூடும் பெருஞ்சந்தை; மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளையும் அருகிலுள்ள மலையின் பர்கூர் மாடுகளையும் அங்கே காணலாம். திப்பு சுல்தானின் படைக்கு இச்சந்தையில் குதிரை கொள்ளப்பட்டது என்று அவ்வூரார் கூறுவர். ஆவணியில் வேளாங்கண்ணி. நவராத்திரியில் மைசூரும், தென்கோடியில் பழைய துறைமுகமான குலசேகரன்பட்டினமும். கார்த்திகையில் திருவண்ணாமலை, 2,668 அடி உயர மலைமீது தீபம் ஏற்றும் பத்து நாள் விழாவை ஒட்டி அங்கேயும் மாட்டுச் சந்தை கூடும். இவ்வாண்டுகளில் அதே கூதிரில் நாகூரும் சேர்ந்திருக்கிறது.

நாகூருக்குச் செல்வோர் அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததை அண்ணாந்து பார்க்க வேண்டும். 131 அடி உயரமுள்ள அதனைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரியின் சடங்குகள் சிலவற்றில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் இரவில் சாலையோரம் கடை விரித்திருப்போரின் பெயர்களைக் கேட்டால், அவற்றில் எல்லாச் சமயப் பெயர்களும் இருக்கும்.

மற்றொரு வாயில்

போகாதே என்ற சொல்லுக்கு விடை கிடைத்துவிட்டது. வராதே என்ற சொல் எஞ்சி நிற்கிறது. அது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2022 மார்ச்சில் கர்நாடகக் கடலோரக் கோயில் திருவிழாக்கள் சிலவற்றில், 2002ஆம் ஆண்டின் விதியொன்றைக் காட்டி, முஸ்லிம் வணிகர்கள் கடை போடுவது தடுக்கப்பட்டது. கோயிலின் உள்ளே எவர் செல்லலாம் என்பதை அச்சமயத்தார் முடிவு செய்வது முறையே. ஊர்த் தெருவில் வளையல் விற்பதோ அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் அளித்துள்ள தொழில் உரிமையைச் சார்ந்தது.

சட்டத்துக்கும் முந்திய உண்மை ஒன்றை உகாழ் நமக்குக் காட்டுகிறது. பகை குலங்கள் ஒரே திடலில் கூட முடிந்ததற்குக் காரணம், புனித மாதங்களில் எவரும் எவர்மீதும் கை ஓங்கலாகாது என்ற உடன்பாடே. அவ்வுடன்பாடு குலைந்தபோது ஃபிஜார் போர் மூண்டது. ஹிஜ்ரி 129ஆம் ஆண்டில் கவாரிஜ்கள் மக்காவில் கிளர்ந்தெழுந்தபோது, கொள்ளைக்கு அஞ்சி மக்கள் உகாழுக்கு வருவதையே கைவிட்டனர் என்று மக்காவின் வரலாற்றாசிரியர் அஸ்ரகீ எழுதுகிறார். அந்தச் சந்தையை எவரும் ஆணையிட்டு மூடவில்லை. அச்சம் நுழைந்தது, வணிகர் வரவில்லை, சந்தை இல்லாமற்போயிற்று. 2007இல் சவூதி அரசு அதே பகுதியில் உகாழ் விழாவை மீண்டும் தொடங்கும்வரை பன்னிரண்டு நூற்றாண்டுகள் அத்திடல் வெறுமையாய்க் கிடந்தது.

ஆகவே மாணவரிடம் நாம் கூறியது இவ்வளவே: "தம்பி, உங்கள் வளையலில் கலப்படம் இல்லை, அளவில் குறைவில்லை, விலையில் பொய்யில்லை என்றால் அந்தக் காசைப் பற்றி நீங்கள் கலங்க வேண்டாம். எந்த ஊரிலும் விழாக் குழுவினரை முன்னதாகவே கண்டு பேசுங்கள். கடை வாடகை கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறுத்தால் அவரோடு மல்லுக்கு நிற்காமல், ரசீதுடன் ஊராட்சியிலோ காவல் நிலையத்திலோ முறையிடுங்கள். தொழுகை நேரம் வந்தால் பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்."

அவர் சிரித்தார். "திருவண்ணாமலையில் இருபது வருஷமாக எங்கள் பக்கத்தில் பொரிகடலைக் கடை போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஹஜ்ரத். அத்தா காலத்திலிருந்தே அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சாமி பார்க்கப் போக வேண்டுமென்றால் அவர் கடையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மலையிறங்கும் பேருந்தின் மேற்கூரையில் அவருடைய வளையல் பெட்டிகள் இரண்டைத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டினார்கள். மௌசிம் தொடங்கியிருந்தது.